மூலிகையில் மருந்து தேடும் கணினி: ஓர் எளிய அறிமுகம்

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. அதே கொடி இங்கே தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நேட்டாலின் புதர்க்காடுகளிலும் தானாகவே வளர்கிறது என்றால் டர்பனுக்குப் புதிதாக வரும் தமிழர்கள் நம்புவதில்லை. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள்தான் கிழங்கைக் கொண்டுவந்திருப்பார்கள் என்பார்கள். அப்படியில்லை, அது இந்த மண்ணுக்கும் சொந்தம்தான். நித்தியகல்யாணிதான் வெளியூர்க்காரி. பூர்வீகம் மடகாஸ்கர். இப்போது டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டு முற்றங்களில் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கிறது. மூன்றாவதாக ஒரு மரத்தையும் சேர்த்துக்கொள்வோம்: ஈஸ்டர்ன் கேப் ஆற்றங்கரைகளில் நிற்கும் கேப் புஷ்வில்லோ.

தாவரவியல்படி இவை மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் செங்காந்தளின் கோல்சிசின், நித்தியகல்யாணியின் வின்பிளாஸ்டின், புஷ்வில்லோவின் காம்ப்ரேட்டாஸ்டேட்டின் ஏ-4 ஆகிய மூன்று வேதிப்பொருள்களும் நம் செல்லுக்குள் போய்ப் பிடிப்பது ஒரே புரதத்தை. அதன் பெயர் டியூபுலின். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழாய்கள் இந்தப் புரதத்தால் ஆனவை. அதைக் கட்டிப்போட்டால் செல் பிரிய முடியாது. புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அடி அவற்றுக்குப் பலமாக விழும். இயற்கைப் பொருள்களிலிருந்து கணினி மூலம் மருந்து தேடுவது எப்படி என்று புரிந்துகொள்ள இந்த மூன்று செடிகளே போதும்.

கணினி வருவதற்கு முன்னால் நடந்ததை முதலில் பார்ப்போம். 1952-இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரிடம் ஜமைக்காவிலிருந்து வந்த நித்தியகல்யாணி இலைகள் சேர்ந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்களாம். எலிகளுக்குச் சாற்றைச் செலுத்திப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. லுகேமியாவில் அளவு மீறிப் பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியின் வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இல்லாமல் இன்றும் வேலை நடக்காது.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை செடிகளைச் சோதிப்பது? தென்னாப்பிரிக்காவில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. நித்தியகல்யாணி ஒன்றிலேயே 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். ஒவ்வொன்றையும் பிரித்து, சுத்தம் செய்து, செல்லில் போட்டுப் பார்க்க ஆயுள் போதாது. ஆக, ஆய்வகத்தில் எதை முதலில் சோதிப்பது, எதைப் பிறகு பார்ப்பது, எதை விட்டே விடலாம்? கணினியிடம் கேட்கும் கேள்வி இவ்வளவுதான். கணினி மருந்து கண்டுபிடித்துவிட்டது என்று செய்தி போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, கணினிக்கு ஒரு மூலக்கூறை எப்படிக் காட்டுவது? எழுத்தாகத்தான். 1980-களில் டேவிட் வைனிங்கர் உருவாக்கிய ஸ்மைல்ஸ் என்ற முறையில் எந்த மூலக்கூறையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். எத்தனால் என்றால் வெறும் 'சிசிஓ': இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், அவ்வளவே. ஹைட்ரஜனை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். வளையத்துக்கு எண், கிளைக்கு அடைப்புக்குறி. வின்பிளாஸ்டினுக்கு நீளமான வரி வரும், ஆனாலும் வரிதான். இப்படி எழுதிய பிறகு லட்சம் பொருள்களைத் தேடுவதும் ஒப்பிடுவதும் சுலபம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புஷ்வில்லோவின் காம்ப்ரேட்டாஸ்டேட்டின் ஏ-4-இன் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அதன் இரு பக்கத்து வளையங்களும் ஒரே பக்கமாக மடிந்திருந்தால் அது சிஸ் வடிவம். எதிரெதிராக நீண்டிருந்தால் டிரான்ஸ். டியூபுலினை வலுவாகப் பிடிப்பது சிஸ் மட்டும்தான். டிரான்ஸ் ஏறக்குறைய எதற்கும் உதவாது. ஸ்மைல்ஸ் வரியில் இந்த வித்தியாசத்தைக் காட்டுவது சின்னச் சாய்கோடுகள். அவற்றை விட்டுவிட்டு எழுதினால் கணினி தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவத்தைக் கட்டிக்கொள்ளும், அது தப்பாகவும் இருக்கலாம். இயற்கைப் பொருள்களில் இந்த மாதிரி முப்பரிமாண நுணுக்கம் ஏராளம். தொழிற்சாலையில் செய்யும் சாதாரண மூலக்கூறுகளை விடவும் அதிகம். ஆகவே தரவுத்தளத்திலிருந்து ஒரு பொருளை எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சாய்கோடுகளையும் திசைக் குறிகளையும்தான்.

அந்தத் தரவுத்தளங்கள் எங்கே? நம் ஊரிலேயே ஒன்று உண்டு. மக்காண்டாவில், அதாவது முன்பு கிரஹாம்ஸ்டவுன் என்று அழைத்த ஊரில், ரோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2015-இல் தென்னாப்பிரிக்க இயற்கைப் பொருள்களுக்கென ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. சான்சிடிபி என்று பெயர். செடிகள், கடல் உயிரினங்கள் எனப் பலவற்றிலிருந்தும் பிரித்தெடுத்த பொருள்களை முப்பரிமாண வடிவத்தோடு இலவசமாகத் தருகிறது. 2021-இல் எண்ணிக்கை 1,000-ஐத் தாண்டியது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தார் உருவாக்கிய இம்பாட் இன்னும் பெரியது: இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகள், 17,967 வேதிப்பொருள்கள். நம் வீட்டு ஆயாக்கள் சொன்ன மூலிகைகளில் பெரும்பாலானவை அதில் கிடைக்கும். உலகளாவிய கோக்கனட் தரவுத்தளத்தில் 4 லட்சத்துக்கும் மேல்.

தேடும்போது தாவரவியல் பெயரைச் சரியாகக் கொடுப்பது முக்கியம். இங்கே மாரியம்மன் பூஜைக்கு வேப்பிலை கிடைக்காவிட்டால் சிரிங்கா இலையை வைத்து முடித்துக்கொள்வது வழக்கம். அம்மன் ஏற்றுக்கொள்வாள், தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளாது. சிரிங்கா வேம்பின் உறவு மரம்தான், ஆனால் வேறு இனம். அதன் பழம் நஞ்சு. புஷ்வில்லோவுக்கு வேறு சிக்கல். அதன் பழைய தாவரவியல் பெயரில் ஓர் இனவெறி வசைச்சொல்லின் சாயல் இருந்தது. அத்தகைய பெயர்களை மாற்ற 2024-இல் மாட்ரிட் தாவரவியல் மாநாடு முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் பழைய கட்டுரைகள் பழைய பெயரில்தான் கிடக்கின்றன, இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

பட்டியல் கைக்கு வந்தபின் வடிகட்டல். இதில் எல்லோரும் முதலில் கேள்விப்படுவது 1997-இல் கிறிஸ்டோபர் லிப்பின்ஸ்கியும் சகாக்களும் சொன்ன 'ஐந்தின் விதி'. வாயால் விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட வேண்டுமானால் மூலக்கூறு எடை 500-க்குள் இருப்பது நல்லது, எண்ணெயில் கரையும் தன்மை ஓர் அளவைத் தாண்டக் கூடாது, ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும் இடங்கள் 5-க்குள்ளும் வாங்கும் இடங்கள் 10-க்குள்ளும் இருக்க வேண்டும். எல்லாம் ஐந்தின் மடங்கு, அதனால்தான் அந்தப் பெயர்.

இதை நம் மூன்று செடிகளின் மேல் போட்டுப் பாருங்கள். காம்ப்ரேட்டாஸ்டேட்டின் ஏ-4-இன் எடை 316. தேறியது. கோல்சிசின் 399. அதுவும் தேறியது. வின்பிளாஸ்டின் 811. தோல்வி! எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய பொருளை வடிகட்டி வெளியே தள்ளிவிட்டது. செங்காந்தள் கிழங்கை வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அந்த நஞ்சு பாஸாகிவிட்டது. விதியில் தப்பில்லை. அது வாய்வழி உறிஞ்சுதலைப் பற்றி மட்டும் பேசுகிறது; வின்பிளாஸ்டின் நரம்பில் ஏற்றும் மருந்து. இயற்கைப் பொருள்கள் பல சமயம் இந்த விதிக்கு அடங்காது என்று லிப்பின்ஸ்கியே சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் இயற்கைப் பொருள் பட்டியல்களைக் கண்ணை மூடிக்கொண்டு இந்த விதியால் வெட்டும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. என்னைக் கேட்டால், எதற்காக வடிகட்டுகிறோம் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளாமல் எந்த வடிகட்டியையும் ஓட்டக் கூடாது. நஞ்சா இல்லையா என்று கணிக்கத் தனி மென்பொருள்கள் உண்டு. கல்லீரல் நொதிகளைத் தடுத்து வேறு மருந்தோடு மோதுமா என்று பார்ப்பவையும் உண்டு. ஸ்விஸ்அட்மி என்ற இலவசத் தளம் பின்னதற்கு நல்ல தொடக்கம்.

அடுத்தது இலக்கு. மருந்து போய் ஒட்டும் புரதத்தின் வடிவம் தெரியாமல் மேற்கொண்டு நகர முடியாது. இதில் டர்பன்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. ஏரன் க்ளூக் லிதுவேனியாவில் பிறந்தாலும் வளர்ந்தது டர்பனில், படித்தது டர்பன் ஹை ஸ்கூலில். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் தட்டையான படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முறைக்காக 1982-இல் வேதியியல் நோபல் பெற்றார். அவரும் லிண்டா ஏமோஸும் 1974-இல் டியூபுலின் நுண்குழாய்களில் அடுக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று காட்டினார்கள். டியூபுலினின் அணு அளவிலான வடிவம் 1998-இல்தான் வந்தது. வின்பிளாஸ்டின் அதில் எங்கே உட்கார்கிறது என்று படமாகத் தெரிந்தது 2005-இல். மருந்து சந்தைக்கு வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து! இப்போது நிலைமை வேறு. சோதனையில் கண்ட வடிவங்கள் புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கும் மேல் கிடைக்கின்றன. ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்தவை 20 கோடிக்கு மேல். அதற்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இல் நோபல் வாங்கினார்கள். கணித்த வடிவத்தில் மருந்து உட்காரும் குழி சரியாகத் திறந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது, அது தனிப் பிரச்சினை.

இப்போது டாக்கிங். இந்தத் துறையில் அதிகம் காதில் விழும் வார்த்தை இதுதான். 1894-இல் எமில் ஃபிஷர் நொதியையும் அது பிடிக்கும் பொருளையும் பூட்டு, சாவி என்றார். டாக்கிங் மென்பொருள் அந்தச் சாவியைப் பூட்டின் துளைக்குள் ஆயிரக்கணக்கான விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு அமைகிறதா, எண்ணெய்ப் பசையான பகுதி எண்ணெய்ப் பசையான இடத்தில் படிகிறதா, எங்காவது இடிக்கிறதா என்று கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் தருகிறது. மைனஸில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. 2010-இல் வெளிவந்த ஆட்டோடாக் வீனா இலவசம்; சாதாரண லேப்டாப்பில் ஒரு பொருளுக்குச் சில நிமிடம் போதும். அதனால்தான் உலகமெங்கும் மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் இந்தப் பூட்டும் நெளியும், சாவியும் நெளியும். சுற்றிலும் தண்ணீர் வேறு. மென்பொருள் இவற்றையெல்லாம் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. மதிப்பெண்ணின் அலகு மோலுக்குக் கிலோ கலோரி. வீனாவை உருவாக்கியவர்களே தங்கள் சோதனையில் கண்ட பிழை ஏறத்தாழ 2.8 கிலோ கலோரி. கேட்டால் சின்ன எண்ணாகத் தெரியும். உடல் வெப்பத்தில் 1.4 கிலோ கலோரி வித்தியாசம் என்றால் ஒட்டும் வலிமையில் பத்து மடங்கு வித்தியாசம். 2.8 என்றால் நூறு மடங்கு. அப்படியிருக்க, ஒரு பொருளுக்கு மைனஸ் 9.1, மற்றொன்றுக்கு மைனஸ் 8.7, ஆகவே முதல் மூலிகையே சிறந்தது என்று ஒருவர் எழுதினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. நூறு பொருளில் மேலே வந்த பத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்துக்குள் முதல், இரண்டாம் பரிசு கொடுக்கக் கூடாது.

டாக்கிங்கில் மேலே வந்ததை அடுத்து மூலக்கூறு இயக்கவியலுக்கு அனுப்புவார்கள். புரதம், மருந்து, சுற்றியுள்ள தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் கணினிக்குள் வைத்து, ஒவ்வோர் அணுவும் நியூட்டன் விதிப்படி எப்படி அசையும் என்று படிப்படியாகக் கணக்கிடுவது. ஒரு படி பொதுவாக 2 ஃபெம்டோ வினாடி. நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, ஃபெம்டோ அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 100 நானோ வினாடி பார்க்க வேண்டுமென்றால் 5 கோடிப் படிகள். மருந்து குழிக்குள்ளேயே நிற்கிறதா, நழுவி வெளியே வந்துவிடுகிறதா என்று அதில் தெரியும். இந்த வகைக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டதற்காக 2013-இல் நோபல் பெற்ற மூவரில் மைக்கேல் லெவிட் பிறந்தது பிரிட்டோரியாவில். நம் ஆய்வாளர்களுக்குக் கேப் டவுனில் லெங்காவ் என்ற மீகணினி உண்டு. 2016-இல் தொடங்கியபோது வினாடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள் போடும் திறன். வீட்டுக் கணினியிலும் சின்ன அளவில் ஓட்டலாம். குரோமாக்ஸ் என்ற இலவச மென்பொருள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிலையைச் சேமித்து வைக்கும். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்தில் இங்கே பல மாணவர்களின் ஆய்வு பிழைத்தது அதனால்தான்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கையில் இருப்பது ஓர் ஊகம் மட்டுமே. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். குர்குமினைப் பெரும்பாலும் எந்தப் புரதத்தோடு டாக்கிங் செய்தாலும் நல்ல மதிப்பெண் வரும். ஆய்வகத் தட்டிலும் பலவற்றைத் தடுப்பதுபோல் காட்டும். ஏன்? அது நிலையில்லாதது, சோதனையின் ஒளியோடு குறுக்கிடும், பல புரதங்களோடு சகட்டுமேனிக்கு ஒட்டும். இப்படிப் போக்குக் காட்டும் பொருள்களை அடையாளம் காண 2010 முதல் தனி வடிகட்டிகளே வந்துவிட்டன. குர்குமினின் மருத்துவச் சோதனைகள் 120-க்கும் மேற்பட்டவற்றை அலசிய 2017-ஆம் ஆண்டு ஆய்வு, நோயாளி, மருத்துவர் இருதரப்பும் அறியா முறையில் போலி மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று முடித்தது. மஞ்சளைக் குறை சொல்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். குழம்புக்கும் மஞ்சத்தண்ணிக்கும் அது வேண்டும்.

கொரோனா காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. வைரஸின் புரதங்களை வெட்டித் தரும் முக்கியப் புரோட்டியேஸ் நொதியின் வடிவம் 2020 பிப்ரவரியில் வெளியானதுதான் தாமதம், கபசுரக் குடிநீர் முதல் இங்குள்ள ரூய்போஸ் மூலிகைத் தேநீர் வரை எல்லாவற்றையும் அதில் பொருத்திப் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் அவை நிரூபணமாகவே உலாவின. கடைசியில் அதே நொதியைத் தடுக்கும் நிர்மட்ரெல்விர் 2021 டிசம்பரில் அவசர அனுமதி பெற்றது. அதற்குப் பின்னால் கணினி மட்டுமில்லை. மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து, செல்லிலும் விலங்கிலும் மனிதரிலும் சோதித்த உழைப்பு இருந்தது.

டாக்கிங்குக்கு இருக்கும் விளம்பரம் கிடைக்காத வேறு கணினி வேலைகளும் உண்டு, பயன் ஒருவேளை இவற்றில்தான் அதிகம். செடிச் சாற்றை, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டி, வரும் குறிகளை உலகம் முழுதும் சேர்த்த குறிகளோடு ஒப்பிட ஜிஎன்பிஎஸ் என்ற பொதுத் தளம் 2016 முதல் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த பொருளை மறுபடி மாதக்கணக்கில் பிரித்தெடுத்து ஏமாறாமல் அது காப்பாற்றும். பாக்டீரியாவின் மரபணுத் தொடரைப் படித்து, அது என்னென்ன பொருள் தயாரிக்கக்கூடும் என்று சொல்ல ஆண்டிஸ்மாஷ் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஹூடியாவைத் தாண்டிப் போக முடியாது. கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டைக்குப் போகும் சான் மக்கள் பசி தெரியாமல் இருக்க மென்ற சதைப்பற்றுச் செடி அது. 1990-களில் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் அதன் பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை எடுத்தது, சான் மக்களைக் கேட்காமலேயே. எதிர்ப்பு எழுந்த பிறகு 2003-இல் லாபப் பங்கீட்டு ஒப்பந்தம் வந்தது. அதை உணவுப் பொருளாக்க முயன்ற யூனிலீவர் நிறுவனம் 2008-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பாதுகாப்பிலும் பலனிலும் அவர்களுக்குத் திருப்தியில்லை. 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் இப்போது அனுமதி, பங்கீடு இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. கணினி இதை இன்னும் சிக்கலாக்குகிறது. முன்பு வேரை மூட்டை கட்டி எடுத்துப் போனால் துறைமுகத்தில் நிறுத்தலாம். டர்பன் வார்விக் சந்தையில் மருந்து விற்கும் அம்மாவின் அறிவு ஒரு வரியாகத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் அதை எங்கே நிறுத்துவது? சித்த மருத்துவ ஏடுகளுக்கும் இதே கேள்விதான்.

படித்துவிட்டு நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால், நோயைத் தீர்க்கும் மூலிகையைத் தேடிக் கிளம்பாதீர்கள். விடை தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள். புரதத் தரவு வங்கியில் 4ஓ2பி என்ற எண்ணில் டியூபுலினும் கோல்சிசினும் சேர்ந்த வடிவம் இருக்கிறது. கோல்சிசினை வெளியே எடுத்துவிட்டு வீனாவால் திரும்ப உள்ளே பொருத்துங்கள். சோதனையில் கண்ட இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வந்து உட்கார்ந்தால் உங்கள் அமைப்பு சரி. வராவிட்டால் தேடும் பெட்டியின் அளவையும், ஹைட்ரஜன் சேர்த்தீர்களா என்பதையும் சரிபாருங்கள். அப்புறம் காம்ப்ரேட்டாஸ்டேட்டின் ஏ-4-இன் சிஸ், டிரான்ஸ் இரண்டையும் அதே குழியில் போடுங்கள். அது பிடிப்பதும் கோல்சிசினின் இடத்தைத்தான். இரண்டுக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம், மதிப்பெண்ணை விட்டுவிட்டு இரண்டும் உட்கார்ந்திருக்கும் கோணத்தைத் திரையில் சுழற்றிப் பாருங்கள்.